பறைமேல் வரைந்த படம் யாருக்கு உறுத்துகிறது?

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு காலனியில் இளைஞர்கள் பத்துப் பேர் சேர்ந்து போன ஆண்டு புதிதாகப் பறைக் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். ஒருவர் கொத்தனார் வேலைக்குப் போகிறார். இரண்டு பேர் கல்லூரியில் படிக்கிறார்கள். ஒருவர் பெயின்டர். சுவர் விளம்பரம் எழுதிப் பழகிய கை. ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, பத்துப் பறை வாங்கினார்கள். வாங்கியதும் அந்தப் பெயின்டர் தம்பி ஒரு வாரம் இராத்திரியெல்லாம் உட்கார்ந்து, பறைகளில் படம் வரைந்தார்.

ஒன்றில் போதி மரத்தடியில் புத்தர். ஒன்றில் கண்ணாடி அணிந்த அம்பேத்கர். ஒன்றில் இருபத்துநான்கு ஆரக்கால் சக்கரம். ஒன்றில் குதிரை மேல் மதுரை வீரன், இரண்டு பக்கமும் பொம்மியும் வெள்ளையம்மாளும். இன்னொன்றில் எழுதப் படிக்கத் தெரியாத அவருடைய அம்மாச்சி, நாற்று முடிச்சைக் கையில் பிடித்தபடி. சாமியும் தலைவரும் பாட்டியும் ஒரே வரிசையில் நின்றார்கள். பார்த்தவர்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பங்குனியில் பக்கத்து ஊர்க் கோயில் திருவிழா. வழக்கமாக இந்தக் காலனிக்காரர்கள்தான் அங்கே தப்பு அடிப்பார்கள். இந்த முறையும் ஆள் வந்தது. கூலி பேசியாயிற்று. கிளம்புவதற்கு முந்தின நாள் விழாக் குழுவிலிருந்து ஒருவர் வந்தார். கடுமையாகப் பேசவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: “தம்பி, படம் போட்ட தப்பு வேணாம்ப்பா. பழைய தப்பையே எடுத்துட்டு வாங்க. சாமி காரியத்துல எதுக்கு அரசியல்?”

அவர்கள் போகவில்லை. வேறு ஊரிலிருந்து வேறு குழுவைக் கூட்டிவந்து திருவிழா நடந்தது. பத்துப் பேருக்கும் இரண்டு நாள் கூலி போயிற்று. நடந்தது இவ்வளவுதான். அடிதடி இல்லை, வழக்கு இல்லை, செய்தித்தாளில் ஒரு வரி இல்லை. ஊரின் பெயரையும் நான் சொல்லப் போவதில்லை. ஏனென்றால் இது ஓர் ஊரின் கதை அல்ல. ஆனால் அந்தச் சிரித்த முகம் கேட்ட கேள்விக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும். வெறும் பறை என்றால் சாமிக்கு ஆகிறது. அதே பறையில் ஒரு படம் ஏறினால் ஏன் ஆகாமல் போகிறது?

முரசுக்குக் கட்டில், பறைக்கு வைக்கோல்

தோற்கருவியை அலங்கரிப்பதும் வணங்குவதும் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. புறநானூற்றின் 50ஆம் பாட்டு பலரும் பள்ளியில் படித்ததுதான். மோசிகீரனார் என்ற புலவர் வழிநடந்த களைப்பில், அரண்மனையில் இருந்த கட்டிலில் படுத்து உறங்கிவிடுகிறார். அது முரசு கட்டில். முரசை நீராட்டக் கொண்டுபோயிருந்த நேரம். அந்த முரசுக்கு மயில் பீலி சூட்டியிருந்தார்கள், உழிஞைப் பூ சூட்டியிருந்தார்கள், மென்மையான பூம்படுக்கை போட்டிருந்தார்கள். அதன்மேல் ஏறிப் படுத்தால் தலை போகும். சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை புலவரை வெட்டாமல் விசிறி வீசினான் என்பதுதான் அந்தப் பாட்டின் பெருமை. நாம் கவனிக்க வேண்டியது வேறு. ஒரு தோற்கருவிக்குக் குளியல் உண்டு, பூ உண்டு, படுக்கை உண்டு, தனி மரியாதை உண்டு. அரசனுடையது என்பதால்.

பறை அரசனுடையது அல்ல, நிலத்துடையது. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம் என்ற வரிசையிலேயே பறையையும் வைக்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை, பாலைக்குத் துடி என்று உரைகள் விரிக்கின்றன. தெய்வத்துக்குப் பக்கத்தில் இடம் பெற்றிருந்த பொருள் அது.

அந்த இடம் பறிபோய் நூற்றாண்டுகள் ஆகின்றன. கருவியின் பெயர் ஒரு மக்கள் கூட்டத்தின் பெயரானது. அந்தப் பெயர் வசவானது. கப்பலேறி ஆங்கிலத்துக்குப் போய், ‘ஒதுக்கப்பட்டவன்’ என்ற பொருளில் அகராதிச் சொல்லாகவும் ஆகிவிட்டது. இன்றைக்கும் உலக நாடுகள் ஒரு நாட்டை விலக்கி வைத்தால், ஆங்கிலப் பத்திரிகைகள் அந்த நாட்டை அழைப்பது நம் பறையிலிருந்து போன அந்தச் சொல்லால்தான். வீணையின் பெயரையோ குழலின் பெயரையோ வைத்து உலகில் எவரையும் இப்படி இழிவுபடுத்தவில்லை.

முரசுக்குப் பூம்படுக்கை இருந்தது. பறைக்கு வீட்டின் பின்புறத்து மூலையும், காய்ச்சுவதற்குக் கொஞ்சம் வைக்கோலும் இருந்தன. இன்னொரு பக்கம் பாருங்கள். சாமியாடிக்கு அருள் வர வேண்டுமா, பறை அடிக்க வேண்டும். கரகம் எடுக்க வேண்டுமா, பறை அடிக்க வேண்டும். அடி நின்றால் ஆட்டம் நின்றுவிடும். தெய்வத்தை இறக்குகிறவன் அவன்தான். ஆனால் தெய்வம் இறங்கிய பிறகு அவன் நிற்கும் இடம் எல்லைக் கல்லுக்கு வெளியே. அடி புனிதம், அடிக்கிற கை தீட்டு. இந்தக் கணக்கைத்தான் அந்த விழாக் குழுக்காரர் நம்மிடம் மறுபடி சொல்லிவிட்டுப் போனார்.

தோல்தான் தீட்டு என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அந்தச் சமாதானமும் நிற்காது. சபாவில் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிடப்படும் மிருதங்கத்திலும் தோல்தான் இருக்கிறது. மாட்டுத் தோல், ஆட்டுத் தோல். அதைச் செய்து தருகிறவர்களில் தலைமுறை தலைமுறையாகத் தலித் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். டி.எம்.கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற நூல் முழுக்க அவர்களைப் பற்றியதுதான். ஒரே தோல், ஒரே உழைப்பு. ஒன்று பூஜை அறையில் இருக்கிறது, ஒன்று எல்லைக்கு வெளியே நிற்கிறது. ஆகவே பிரச்சினை தோலில் இல்லை. அந்தக் கருவியை வாசிப்பவர் யார் என்பதில்தான் இருக்கிறது.

எறிந்தவர்களும் எடுத்தவர்களும்

பறையைப் பற்றி நமக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஒன்று, பறையை விட்டொழிக்க வேண்டும் என்பது. சாவு விழுந்தால் கூலி பேசாமல் ஓடிப் போய் அடிக்க வேண்டும், அடித்து முடித்த பிறகு வாசலில் நின்று கிடைத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற நிலையை அனுபவித்தவர்களின் கருத்து அது. பல ஊர்களில் நம் பெரியவர்கள் ‘இனி சாவுக்கு அடிக்க மாட்டோம்’ என்று முடிவெடுத்துப் பறையைக் கிழித்துப் போட்டிருக்கிறார்கள். அதற்காக வேலை மறுக்கப்பட்டார்கள், அடி வாங்கினார்கள். அவர்கள் கலையை அழித்தவர்கள் என்று இன்று மேடையில் யாராவது பேசினால், அவர்களுக்கு வரலாறு தெரியவில்லை என்று பொருள். கட்டாயத்தின் பேரில் அடிக்கப்படும்வரை அது கலை அல்ல, கொத்தடிமை வேலை.

இன்னொன்று, பறையை நம் கருவியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது. 1990களில் இந்தக் கருத்து வலுப்பெற்றது. திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையைத் தோளில் மாட்டி மேடை ஏறினார்கள். ஆணின் கையில்கூட இழிவென்று ஒதுக்கப்பட்ட கருவி பெண்ணின் கையில் பெருமையானது. மதுரை அரசரடியில் இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு பறையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது, எங்கள் பகுதியில் பல வீடுகளில் இனிப்பு வாங்கினார்கள்.

இந்த இரண்டு கருத்துக்கும் முன்னோடி நம் வரலாற்றிலேயே இருக்கிறது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் பத்திரிகை தொடங்கியபோது அதற்கு ‘பறையன்’ என்றே பெயர் வைத்தார். எந்தப் பெயரைச் சொல்லி ஏசினார்களோ அதையே தலைப்பாக அச்சடித்து விற்றார். அயோத்திதாசப் பண்டிதர் அந்தப் பெயரையே ஏற்க மறுத்தார். அது நம்மேல் சுமத்தப்பட்டது, நாம் பூர்வ பௌத்தர்கள் என்றார். 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். ஒருவர் எடுத்துக்கொண்டார், ஒருவர் எறிந்தார். இரண்டு பேருமே சொன்னது ஒன்றுதான்: எங்களுக்கு என்ன பெயர் என்பதை நாங்கள்தான் தீர்மானிப்போம்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பறை ஒரே ஒரு சாதியின் சொத்து என்று நம்மில் சிலர் பேசுகிறார்கள். மேற்கே போனால் அருந்ததியர் மக்கள்தான் தப்பு அடிக்கிறார்கள். அதே கூலி, அதே எல்லைக் கல், அதே அவமானம். பறைமேல் யார் படம் என்று நமக்குள் சண்டை போட்டுக்கொண்டால், சிரித்துக்கொண்டே வந்தவர் சிரித்துக்கொண்டே திரும்பிப் போவார்.

அடி விழும் இடத்தில் முகமா?

படம் வரைவதற்கு எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. முதல் எதிர்ப்பு வீட்டுக்குள்ளிருந்துதான் வந்தது. அந்தக் காலனியில் ஐம்பது ஆண்டுகள் பறை அடித்த ஒரு பெரியவர் இருக்கிறார். நான் பெரியப்பா என்று கூப்பிடுவேன். புதுப் பறைகளைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: “ஏப்பா, அம்பேத்கர் மூஞ்சியில குச்சியால அடிப்பீங்களாடா?”

யாருக்கும் பதில் வரவில்லை. நியாயமான கேள்வி.

பெரியப்பா அதோடு விடவில்லை. தொழில் பேசினார். பறை எப்படிச் செய்வார்கள் என்று பலருக்குத் தெரியாது. வேப்ப மரத்தில் மூன்று துண்டு வளைவாகச் செதுக்கி, இரும்புப் பட்டையால் இணைத்து வட்டமாக்க வேண்டும். கன்றுத் தோலைப் பதப்படுத்தி, புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி இழுத்துக் கட்ட வேண்டும். இடது கையில் நீளமான மெல்லிய சிம்புக் குச்சி. வலது கையில் தடித்த அடிக்குச்சி. அடிக்கும் முன் நெருப்பில் காய்ச்ச வேண்டும். சூடு ஏறினால்தான் தோல் இறுகும், ஒலி எழும்பும். தோல்மேல் பெயின்ட் அடித்தால் என்ன ஆகும்? தோல் கனக்கும், ஒலி மங்கும். நெருப்பில் காட்டினால் பெயின்ட் வெடித்து உதிரும். இளைஞர்கள் வாங்கியது ஃபைபர் முகம் போட்ட பறை. அதற்குக் காய்ச்சும் வேலை இல்லை, மழையும் பிரச்சினை இல்லை. ஆகவே படம் நின்றது. ஆனால் பெரியப்பா கணக்கில் அது பாதிப் பறைதான்.

இதற்கு அந்தத் தம்பியே ஒரு வழி கண்டுபிடித்தார். முகங்களை அடி விழும் நடுவிலிருந்து எடுத்துவிட்டார். சக்கரமும் பூவும் மட்டும் ஓரமாக வட்டத்தில் வருகின்றன. புத்தரும் அம்பேத்கரும் மதுரை வீரனும் அம்மாச்சியும் மரச்சட்டத்தின் வெளிப்பக்கத்துக்குப் போய்விட்டார்கள். பறையின் பின்பக்கம் திறந்தே இருக்கும் அல்லவா? சட்டத்தின் உட்பக்கத்தில், அடிப்பவர் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி, அந்தப் பறையைச் செய்து தந்தவரின் பெயரை எழுதினார். தோல் பறைக்கும் இதே முறை பொருந்தும். தோலைத் தொடாமல் சட்டத்தில் வரைந்தால் ஒலியும் கெடாது, நெருப்பும் தொடாது.

பெரியப்பா எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்லாருக்கு என்று சொல்லவில்லை. “செஞ்சவன் பேர எழுதிருக்கியே, அது சரி” என்றார். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

வடக்கே ஒரு பறை

ஐரோப்பாவின் வட கோடியில், நார்வே, ஸ்வீடன், பின்லாந்து நாடுகளின் வடபகுதிகளிலும் ரஷ்யாவின் ஒரு மூலையிலும் சாமி என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். கலைமான் மேய்ப்பவர்கள். அவர்களிடம் ஒரு கைப்பறை உண்டு. தோல்மேல் ஆல்டர் என்ற மரத்தின் பட்டைச் சாற்றால் சிவப்பாகப் படம் வரைவார்கள். சூரியன், தெய்வங்கள், கலைமான், படகு, கூடாரம், மனிதர்கள் எல்லாம் அதில் இருக்கும். தோல்மேல் சிறு வளையத்தையோ துண்டையோ வைத்து, கலைமான் கொம்பால் செய்த சுத்தியலால் தட்டுவார்கள். அது நகர்ந்து எந்தப் படத்தின் மேல் போகிறது என்று பார்த்து, வேட்டைக்கும் பயணத்துக்கும் குறி கேட்பார்கள். அவர்களுக்கு அந்தப் பறைதான் கோயில், அதுதான் வரைபடம், அதுதான் வேதம்.

பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் அரசும் மிஷனரிகளும் அதைப் பேயின் கருவி என்றார்கள். பறைகளைப் பிடுங்கினார்கள், எரித்தார்கள், வைத்திருந்தவர்களைத் தண்டித்தார்கள். 1691இல் ஆண்டர்ஸ் பவுல்சன் என்ற முதியவரின் பறையைப் பறிமுதல் செய்து, மறு ஆண்டு வாட்சோ என்ற ஊரில் விசாரித்தார்கள். ஒவ்வொரு படத்தின் பொருளையும் நீதிமன்றத்தில் சொல்ல வைத்தார்கள். தம் பறையில் இருப்பவை கிறிஸ்தவக் கடவுளும் ஏசுவும் மரியாளும்தான் என்றுகூட அவர் சொல்லிப் பார்த்தார். தீர்ப்பு வருவதற்குள் காவலில் இருந்தபோதே அவர் கொல்லப்பட்டார். அவருடைய பறை கோபன்ஹேகனுக்குப் போய் அரச சேகரிப்பில் சேர்ந்தது. 1979இல் காரஷோக் என்ற ஊரில் உள்ள சாமி மக்களின் அருங்காட்சியகத்துக்குக் கடனாகத்தான் கொடுத்தார்கள். 2022இல்தான் அது அந்த மக்களுக்கே சொந்தம் என்று டென்மார்க் ஒப்புக்கொண்டது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இந்தக் கதையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவர்களுடையதும் நம்முடையதும் ஒன்றல்ல. அவர்கள் பறை அடிக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டார்கள். நாம் அடித்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தப்பட்டோம். அவர்கள் கையிலிருந்து பிடுங்கினார்கள், நம் கையில் திணித்தார்கள். ஆனால் இரண்டு இடத்திலும் அதிகாரத்துக்கு உறுத்தியது ஒன்றே. அந்த மக்கள் தாங்கள் புனிதமாகக் கருதுவதைத் தாங்களே வரைந்து வைத்துக்கொள்வது. படமில்லாத பறை ஏவலுக்கு ஒலிக்கும். படம் போட்ட பறைக்குச் சொந்தக்காரர் யார் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். ‘பழைய தப்பை எடுத்துட்டு வா’ என்பதன் பொருள், ‘பழைய ஆளாக வா’ என்பதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நம்மில் பலர் அடிதடிக்கும் வசவுக்கும் மட்டுமே உரியது என்று நினைக்கிறோம். 2015இல் நிறைவேறி 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, அதன் 3(1) பிரிவில் பல குற்றங்கள் விரிவாகச் சேர்க்கப்பட்டுள்ளன. பட்டியல் சாதி, பழங்குடி மக்களைக் கட்டாய வேலை செய்ய வைப்பது குற்றம். பிணத்தையோ செத்த மாட்டையோ சுமக்க, குழி தோண்டக் கட்டாயப்படுத்துவது குற்றம். அவர்கள் புனிதமாகவோ உயர்வாகவோ மதிக்கும் ஒரு பொருளைச் சேதப்படுத்துவதும் களங்கப்படுத்துவதும் குற்றம். பொருள் என்பதில் சிலை, புகைப்படம், உருவப்படம் ஆகியவை அடங்கும் என்று விளக்கமும் கொடுத்திருக்கிறார்கள்.

ஆகவே அம்பேத்கர் உருவம் வரைந்த ஒரு பறையைப் பிற சாதியினர் ஒருவர் கிழித்தால், ‘ஒரு கொட்டு கிழிந்துபோயிற்று’ என்று காவல் நிலையத்தில் சமாதானம் பேசி அனுப்பிவிட முடியாது. சட்டம் மதிக்கச் சொல்லும் பொருள் அது. ‘சாவுக்கு வந்து அடித்தே ஆக வேண்டும்’ என்று மிரட்டினால் அதுவும் சட்டத்தின் பார்வைக்குள் வரும். நம் இளைஞர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அதே நேரத்தில் சட்டத்தின் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். படம் போட்ட பறைக் குழுவைக் கூப்பிடாமல் விடுவது இந்தப் பிரிவுகளில் வராது. பங்குனியில் நடந்ததற்கு வழக்குப் போட முடியாது. அந்த இடத்தில் நமக்கு வேறு பலம் வேண்டும்.

சுவரில் தொங்கும் பறை

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பாதிதான். படம் வரைந்த பறை இப்போது வரவேற்பறை அலங்காரமாகவும் ஆகிக்கொண்டிருக்கிறது. ஓட்டல் சுவரில் மாட்டுகிறார்கள். கல்யாண மண்டப மேடையில் பின்னணிக்கு வைக்கிறார்கள். மயில், யானை, கோலம் என்று அழகான வண்ணம். ‘தமிழர் மரபு’ என்று ஓர் அட்டை. அதைச் செய்தவர் பெயர் இல்லை, அடிப்பவர் ஊர் இல்லை. சுவரில் மாட்டிய வீட்டுக்காரர் தம் வீட்டு வாசல்படியில் பறை அடிப்பவரை ஏற விடுவாரா என்று அந்தப் பறைக்குத்தான் தெரியும்.

படத்துக்கு எதிராக நான் பேசவில்லை. படம் மட்டும் விடுதலை தராது என்கிறேன். புத்தரை வரைந்த பறையைத் தூக்கிக்கொண்டு போய், அதே எல்லைக் கல்லுக்கு வெளியே நின்று, அதே இலையில் கடைசிப் பந்தியில் சாப்பிட்டு, கூலியைக் கைநீட்டி வாங்கிவந்தால், புத்தரையும் நம்மோடு வெளியே நிறுத்தியவர்கள் ஆவோம். படம் ஏறும்போதே மற்றவையும் ஏற வேண்டும்.

அதற்காகச் சில காரியங்கள் நடக்க வேண்டும். முதலாவது, பறைக் குழுக்கள் எல்லா நிகழ்ச்சிக்கும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வேண்டும். கூலி எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, எத்தனை மணி நேரம், எங்கே நின்று அடிப்பது, சாப்பாடு எந்தப் பந்தியில் என்பது வரை எழுத வேண்டும். நாதசுரக் குழு முன்பணம் வாங்காமல் கிளம்புவதில்லை. நாம் ஏன் வாய்ப்பேச்சில் கிளம்ப வேண்டும்? கருவியில் என்ன படம் இருக்கும் என்பது குழுவின் உரிமை என்ற வரியும் அதில் இருக்கட்டும்.

இரண்டாவது, நம் மாவட்டத்துக் குழுக்கள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ள வேண்டும். பங்குனியில் ஒரு குழு போக மறுத்தபோது, அந்த இடத்துக்குப் போனதும் நம் ஆட்கள்தான். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் மறுப்பவர்கள் ஏன் மறுக்கிறார்கள் என்று ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால், விழாக் குழு இறங்கிவந்து பேசியிருக்கும்.

மூன்றாவது, அரசு செய்ய வேண்டியது. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் ஆசிரியர் பணியிடம் இருப்பதுபோல், பறைக்கும் அதே ஊதியத்தில், அதே தகுதியில் நிரந்தரப் பணியிடம் வேண்டும். சொல்லிக்கொடுக்க வேண்டியவர் பெரியப்பாவைப் போன்றவர். அவரிடம் சான்றிதழ் கேட்டு வாசலில் நிறுத்தக் கூடாது. பறை செய்கிறவர்களையும் கலைஞர்களாகவே கருதி நல வாரியத்தில் தயங்காமல் சேர்க்க வேண்டும். அரசு விழாக்களில் பறைக் குழுக்களை வாசலில் அமைச்சரை வரவேற்க மட்டும் நிறுத்தாமல், மேடை நிகழ்ச்சி நிரலில் நேரம் ஒதுக்க வேண்டும்.

நான்காவது கோயில் விழாக் குழுக்களுக்கு. ‘சாமி காரியத்தில் எதற்கு அரசியல்’ என்று கேட்டீர்கள். பறை அடிப்பவன் எங்கே நிற்க வேண்டும் என்று நீங்கள் கோடு போட்டபோதே அரசியல் வந்துவிட்டது. அந்தப் படத்தில் இருக்கும் மதுரை வீரன் உங்கள் கோயிலிலும்தான் இருக்கிறான். புத்தர் யாரையும் அடிக்கச் சொன்னவர் அல்ல. அம்பேத்கர் எழுதிய சட்டத்தின்படிதான் உங்கள் கோயில் நிலமும் பட்டாவும் பாதுகாப்பாக இருக்கின்றன. அந்த அம்மாச்சி உங்கள் வயலில்தான் நாற்று நட்டார். இவர்களில் யார் உங்கள் சாமிக்கு ஆகாதவர் என்று ஒரு முறை உட்கார்ந்து பேசுவோம்.

அந்தப் பத்துப் பேரும் இப்போது சனிக்கிழமை சாயங்காலம் காலனிப் பிள்ளைகளுக்குப் பறை சொல்லிக்கொடுக்கிறார்கள். பிள்ளைகள் பறையைக் கையில் எடுத்ததும் முதலில் அடிப்பதில்லை. திருப்பி உட்பக்கத்தைப் பார்க்கிறார்கள். எழுதியிருக்கும் பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள். பிறகுதான் குச்சியை எடுக்கிறார்கள். அடுத்த பங்குனிக்கு இன்னும் நாள் இருக்கிறது. விழாக் குழுவில் இருப்பவர்கள் இதைப் படித்தால், முந்தின நாள் வந்து நிற்காமல், இப்போதே ஒரு சனிக்கிழமை வந்து பார்க்கட்டும். உட்கார நாற்காலி போடுவோம், டீ கொடுப்போம்.